சீனி மூடியும் சிவப்பு விளக்கும்

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பஸ்ஸில், மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஓரத்து இடம் கிடைத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். பஸ் ஒரு குழியில் விழுந்து எழும்போது துள்ளுவீர்கள். தலை கம்பியில் இடிக்கும். அடுத்த நொடி பழைய இடத்திலேயே உட்கார்ந்திருப்பீர்கள். அது ஒரு விஷயம். ஜன்னலோரம் இருப்பவர் ஒவ்வொரு வளைவிலும் ஒரு விரல்கடை சரிந்து, அவரோடு சேர்ந்து நடுவில் இருப்பவரும் சரிந்து, நோர்வூட் தாண்டுவதற்குள் நீங்கள் பாதி உடம்போடு அந்தரத்தில் இருப்பது இன்னொரு விஷயம். முதலாவதற்கு பஸ்ஸே கத்தும். இரண்டாவதை, விழப்போகும்வரை நீங்களே கவனித்திருக்க மாட்டீர்கள்.

பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்து நான் கற்றுக்கொண்டதில் பாதி இதுதான். துள்ளல் எது, நகர்தல் எது என்று பிரித்துப் பார்ப்பது. மீதிப் பாதியை ஸ்டோரில் கற்றுக்கொண்டேன். ஸ்டோரு என்றால் கடை இல்லை. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். படிப்பு முடிந்ததும் என் கூட்டாளிகள் எல்லாரும் கொழும்பில் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் போய்விட்டார்கள். எனக்கு, நான் பிறந்த லயத்து வரிசை வீட்டிலிருந்து ஒரு மலை தள்ளியிருக்கும் தோட்டத்து ஸ்டோரில் தரக்கட்டுப்பாட்டுப் பயிற்சி உதவியாளர் என்ற நீளமான பெயரோடு ஒரு வேலை கிடைத்தது. சந்தோஷமாகத்தான் போனேன். அங்கே ஒவ்வொரு மணிக்கும் எண்கள் பிறந்துகொண்டே இருந்தன, அவற்றைப் பார்ப்பதற்கு ஆளே இல்லை. எனக்கு அது சும்மா கிடந்த தோட்டம் மாதிரி.

போன முதல் நாளே ஓர் அக்காவோடு சிநேகமாகிவிட்டேன். அவர்தான் பகல் முறையில் ட்ரையரைப் பார்த்துக்கொண்டவர். அரைத்து, புளிக்கவைத்த இலை ட்ரையரின் ஒரு வாயில் ஈரமாகப் போகும். மறு வாயில் கறுத்து, மொறுமொறுவென்று தூளாக வரும். அந்தத் தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் ஈரம் இருக்கவேண்டும். கூடினால் மூட்டைக்குள் பூசணம் பிடிக்கும். குறைந்தால் கருகல் வாசம் வரும். ஸ்டோரில் ஒரு நாள் முழுக்க எல்லாரும் பட்ட பாடு நல்லதாவதும் நாசமாவதும் அந்த இரண்டு வாய்க்கு நடுவில்தான்.

அந்த இடத்தில் அதுவரை ஆம்பளைகள்தான் நின்றிருக்கிறார்கள். பழைய ஆள் ஓய்வுபெற்றுப் போனபோது, சலிக்கும் அறையில் வருடக்கணக்காகத் தூளில் இருமிக்கொண்டிருந்த இந்த அக்கா, நானே பாக்கிறேன் ஐயா என்று போய்க் கேட்டாராம். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, மழைக்காலம் முடியும்வரை பார்ப்போம், சரிவராவிட்டால் திரும்பச் சலிக்கும் அறைதான் என்று சொல்லிவிட்டார். மழைக்காலம்தான் ட்ரையருக்குப் பரீட்சை. இலையே தண்ணீரோடு வரும், விறகு ஈரமாக இருக்கும், காற்றில்கூட தண்ணீர் இருக்கும். அந்தப் பரீட்சையில்தான் அவரை வைத்திருந்தார்கள்.

ஏன் இவ்வளவு ஆசை என்று ஒரு நாள் கேட்டேன். அக்கா ட்ரையரின் வாயில் கையை நீட்டி, சூடு எப்படி என்று பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பதினெட்டு வயசுலருந்து அடுத்தவுங்க செஞ்ச தூளத்தான் சலிச்சிட்டு இருந்தேன் புள்ள. இப்பதான் நானே ஒண்ணு செய்யிறேன். அதோட இங்க கதகதன்னு இருக்கு. அங்க குளிரும் இருமலும்தான் துணைக்கு."

மற்றவர்கள் முன்னால் என்னை மிஸ் என்பார். தனியாக இருந்தால் புள்ள. கோபம் வந்தால் திரும்பவும் மிஸ்.

சிவப்பு விளக்கு என்னுடைய யோசனை. முன்பு ஈரத்தை எப்போதாவது அளந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நான் ஓர் ஒழுங்கு கொண்டுவந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ட்ரையரின் வாயிலிருந்து ஐந்து சின்ன டின்களில் தூள் எடுத்து மூடிவைப்பது. பக்கத்துக் கண்ணாடி அறையில் ஈரம் அளக்கும் கருவியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. ஐந்தின் சராசரியை என் மடிக்கணினி எடுத்து, மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் புள்ளி என்று வரையும். புள்ளி கோட்டைத் தாண்டினால் ட்ரையருக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். ஹட்டன் கடையில் தேடியபோது, கோயில் திருவிழாவுக்குக் கட்டும் பல்புதான் கிடைத்தது. அதற்கு ஒரே மாதிரி எரியத் தெரியாது, மினுக்கத்தான் தெரியும். ஆகவே எங்கள் தரக்கட்டுப்பாடு தேர்த் திருவிழா மாதிரி மினுக்கியது. தோட்டத்து மனேஜர் தொரை வந்து பார்த்துவிட்டு வெரி குட் என்றார். அன்று இரவு என் அம்மா அந்த வெரி குட்டை லயம் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, விளக்கு அக்காவின் முறையில் மட்டும் மினுக்கத் தொடங்கியது. மாலை முறையில் வந்து விடியும்வரை நிற்கும் ட்ரையர் அண்ணன் வந்தால் அடங்கிவிடும். அவர் மீசையை நீவிக்கொண்டு, மிஸ், ஒங்க வெளக்குக்கு அந்தப் பொம்பள மேல ஒரு கண்ணு என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வார். அக்கா பதிலுக்கு, வெளக்குக்கும் தெரியிது யாரப் பாத்தா பத்திக்கணும்னு என்பார். சிரிப்போம். ஆனால் டீமேக்கர் ஐயா சிரிக்கவில்லை. விளக்கைப் பார்ப்பார், அக்காவைப் பார்ப்பார், போய்விடுவார்.

சிரிப்பைவிட மோசமாக ஒன்று நடந்துகொண்டிருந்தது. விளக்கு மினுக்கியதும் அக்கா பயந்து சூட்டை ஏற்றுவார். ஏற்றினால் அடுத்த சுற்றில் தூள் அதிகமாகக் காய்ந்துவிடும், புள்ளி கீழ்க் கோட்டைத் தாண்டும், மறுபடி விளக்கு. இறக்குவார். மறுபடி விளக்கு. காலையெல்லாம் அவர் விளக்கைத் துரத்த, விளக்கு அவரைத் துரத்த, ஒரு நாள் தூள் கருகல் வாசத்தோடு வந்துவிட்டது. டீமேக்கர் ஐயா அதை ஊற்றிக் குடித்துப் பார்த்து, வாயிலிருந்ததைத் தொட்டியில் துப்பிவிட்டு, மழை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல என்று மட்டும் சொன்னார். அக்கா அன்று என்னை மிஸ் என்றுதான் கூப்பிட்டார்.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நான் மாட்டிய விளக்குதான் அவரை அந்த இடத்திலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. சராசரியை விட்டுவிட்டு ஐந்து எண்களையும் தனித்தனியாக எடுத்து வைத்துப் பார்த்தேன். பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டேன். விளக்கு மினுக்கிய நாட்களில், முதலில் மினுக்கிய சுற்றில், நான்கு டின்கள் நல்ல பிள்ளைகளாக மூன்றுக்குப் பக்கத்தில் இருந்தன. ஐந்தாவது ஒன்று மட்டும் எங்கோ உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. அந்த ஒன்று மற்ற நான்கையும் இழுத்துக்கொண்டு போய்க் கோட்டுக்கு வெளியே போட்டிருந்தது. அக்கா சூட்டை ஏற்றியபிறகு வந்த தப்பெல்லாம் அதன் பின்னால் வந்தவைதான். அந்த முதல் சுற்று எப்போதும் பத்து மணிச் சுற்று.

மறுநாள் பத்து மணிக்கு நான் எதையோ கண்டுபிடிக்கப்போகிற ஆள் மாதிரி ட்ரையருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என்னைக் கண்டதும் அக்கா, வாங்க வாங்க, வாசம் புடிச்சிட்டு வந்துட்டீங்க என்று பிளேன்டீயை ஊற்றித் தந்தார். பத்து மணி என்றால் தேத்தண்ணி நேரம். ட்ரையருக்குப் பக்கத்திலிருக்கும் மேசைதான் ஸ்டோரிலேயே சூடான இடம், எல்லாரும் அங்கேதான் கூடுவார்கள். கேத்தல் அதன் மேல்தான் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். எங்கள் பக்கத்தில் பிளேன்டீக்குள் சீனி போடுவதில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, நக்கிக்கொண்டு குடிப்பதுதான் ருசி. நானும் வழக்கம்போலச் சீனியை எடுத்தேன், நக்கினேன், ஒரு வாய் குடித்தேன். ரெண்டாவது தடவை எடுக்கக் கை நீட்டியபோதுதான் சீனி எதில் இருக்கிறது என்று பார்த்தேன்.

என்னுடைய டின் மூடியில்.

அளவாக, பளபளவென்று, விளிம்போடு இருக்கும் அந்த மூடி சீனித் தட்டாவதற்கென்றே செய்த மாதிரிதான் இருந்தது. ஐந்து டின்களில் ஒன்று வாயைத் திறந்துகொண்டு கேத்தலுக்குப் பக்கத்தில், ஆவிக்குள் குளித்துக்கொண்டு நின்றது. நன்றாகக் காய்ந்த தூள் சும்மா இருக்காது, காற்றிலிருக்கும் ஈரத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும். தேத்தண்ணி முடிந்ததும் மூடியைத் துடைத்து, டின்னை ஒழுங்காக மூடி, என் கண்ணாடி அறைக்கு அனுப்பிவைப்பார்கள். ஒரு வாரமாக அந்த மூடியிலிருந்து நானும் சேர்ந்துதான் சீனி தின்றிருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் மேசையைச் சுற்றி இருந்த எல்லாரும் மூடியை எட்டிப் பார்த்தார்கள். அக்கா கையிலிருந்த சீனியைப் பார்த்தார்.

"அப்ப நாங்க தண்ணி குடிக்கக்குள்ள தூளும் தண்ணி குடிச்சிருக்கு."

மாலை முறையில் ஏன் இது நடக்கவில்லை என்று கேட்டு வைத்தேன். அதுவும் உடனே தெரிந்தது. மாலை அண்ணனுக்குச் சீனி வருத்தம். அவர் மனைவியின் உத்தரவுப்படி அவர் கண்ணில் படும் இடத்தில் சீனியே இருக்கக்கூடாது. அவர் பாவம் என்று அவருடைய ஆட்களும் வெறும் கசப்புத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தூள் ஒழுங்காக இருந்ததற்கு அவர் கை மட்டும் காரணமில்லை, அவர் ரத்தமும் காரணம் என்று அக்கா அன்றைக்கே போய் அவரிடம் சொல்லிவிட்டார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நான் அவசரக்காரி. மூடி மூடப்பட்டது, மறுநாள் விளக்கு எரியவில்லை. அதற்கடுத்த நாள், பருவத்துக்கு முந்திய தூறலில் ஓடிவந்த ஒருவர் நனைந்த கையோடு தூளை எடுத்துப் போட்டார், விளக்கு மினுக்கியது. இன்னொரு நாள் மின்சாரம் வெட்டிவிட்டு வந்ததில் அளக்கும் கருவியே ஏதோ உளறியது. டின்னுக்கு மூடி போடலாம், மனிதர்களுக்கு எத்தனை மூடி போடுவது. ஆட்கள் இருக்கும் இடத்தில் ஏதாவது ஒரு டின் பறந்துகொண்டுதான் இருக்கும். தப்பு டின்னில் இல்லை. ஒரு டின் சொன்னதை ஐந்து டின்னும் சொன்னதாக நம்பிய என் கணக்கில்தான் தப்பு.

அதனால் சராசரியை எடுத்துவிட்டு இடைநிலையை வைத்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஐந்து பேரை உயரப்படி வரிசையாக நிற்கவையுங்கள். நடுவில் நிற்கிறவர்தான் இடைநிலை. ஆக உயரமான ஆள் வரிசையில் நின்றபடியே ஒரு கல்லின் மேல் ஏறிக்கொண்டாலும், கூரையில் ஏறிக்கொண்டாலும், நடுவில் நிற்பவர் முன்பு நின்ற அதே ஆள்தான். சராசரி உயரம் மட்டும் கூரைக்கு ஏறிவிடும். மேல் கோடும் கீழ்க் கோடும் எங்கே என்பதையும் இதே மாதிரி மாற்றினேன். பறந்த எண்களையும் சேர்த்துக்கொண்டு கணித்ததால் பழைய கோடுகள் தேவைக்கு மேல் விலகி நின்றன. ஒவ்வோர் அளவும் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று எடுத்து, அந்தத் தள்ளல்களிலும் நடுவில் நிற்பதையே பார்த்துப் புதிய கோடு போட்டேன்.

அதோடு பஸ் சீட்டு விஷயத்தையும் சேர்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் நடு எண் இருக்கவேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு சரிந்திருக்கிறது என்று பார்த்து, அதை முந்திய சரிவோடு கூட்டிக்கொண்டே போவது. இன்றைக்கு மேலே, நாளைக்குக் கீழே என்றால் ஒன்றையொன்று தின்று தீர்ந்துவிடும். தினமும் ஒரு விரல்கடை ஒரே பக்கமாகச் சரிந்தால், கூட்டல் ஏறிக்கொண்டே போகும். ஒரு எல்லையைத் தாண்டினால்தான் விளக்கு.

விளக்கு அடங்கியது. ஒரேயடியாக அடங்கியது. அக்காவின் முறையிலும் மினுக்கவில்லை, அண்ணனின் முறையிலும் மினுக்கவில்லை. அக்கா சூட்டை அங்குமிங்கும் திருப்புவதை நிறுத்தினார், கருகல் வாசமும் போய்விட்டது. நான் கையைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே மாலை அண்ணன், நாய் கொரைக்கிதுன்னு நாய் வாயைக் கட்டிட்டாங்க மிஸ் என்று கதையைப் பரப்பிவிட்டார். கூட்டாளியைக் காப்பாற்றக் கணக்கையே மாற்றிவிட்டேன் என்று பேச்சு.

டீமேக்கர் ஐயா என்னைக் கூப்பிட்டார். கோபப்படுகிற ஆள் இல்லை அவர். அதுதான் கஷ்டம், சண்டையும் போட முடியாது. அக்காவும் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றார். ஐயா ஜன்னல் வழியாக அணைந்து கிடந்த விளக்கைக் காட்டினார்.

"வெளக்கு எரியலன்னா தூள் நல்லா இருக்குன்னு அர்த்தமா, இல்ல பல்பு போயிருச்சுன்னு அர்த்தமா, சொல்லுங்க பாப்போம்."

எனக்குக் கோபம் வரவேண்டிய நேரம். ஆனால் கேள்வி அவ்வளவு நல்ல கேள்வி. பல்கலைக்கழகத்தில் இதே கேள்வியைப் பக்கம் பக்கமாகச் சின்னங்களோடு எழுதியிருந்தார்கள். பொய்ச் சத்தத்துக்கு அசையாத ஒரு முறை, உண்மையான சத்தத்துக்காவது அசையுமா? அசையும் ஐயா என்றேன். எப்படி நம்புவது என்றார். நீங்களே சோதித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

ஐயா கூரையைப் பார்த்தார். யோசிக்கும்போது அவருக்குக் கூரைதான்.

"சரி. இந்த மழைக்குள்ள ட்ரையர்ல நான் சின்னதா ஒண்ணு மாத்துவேன். எப்ப, என்னன்னு சொல்ல மாட்டேன். ஒங்க வெளக்கு அதப் புடிச்சா வெளக்கும் இருக்கட்டும், இவங்களும் ட்ரையர்லயே இருக்கட்டும். புடிக்காட்டி பழைய சராசரி, பழைய மாதிரி ஒரு ஆம்பள ஆளு."

வெளியே வந்ததும் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். என் வேலையையும் சேத்துப் பந்தயம் கட்டிட்டீங்களே மிஸ் என்றார். மன்னிப்புக் கேட்டேன். விடு புள்ள, மனுசன் சின்னதா மாத்துறேன்னு சொல்லி இருக்காரு, பெருசா மாத்துனாத்தான் எங்களுக்கு வெளக்கே வேணாமே என்று அவரே என்னைச் சமாதானப்படுத்தினார்.

மழை வந்தது. எங்கள் மழை ஊற்றிவிட்டுப் போகிற மழை இல்லை, குடிவந்துவிடும். மலை தெரியாது, பக்கத்து லயம் தெரியாது, கொடியில் போட்ட துணி வாரக்கணக்கில் காயாது. மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளோடு இறங்குகிறவர்கள் நனைந்த கோழி மாதிரி ஸ்டோருக்குள் வருவார்கள். அக்கா தினமும் காலையில் டீமேக்கர் ஐயாவைக் கண்டதும், என்னங்கய்யா, மாத்தியாச்சா என்று கேட்பார். அவர் இல்லை என்றும் சொல்ல மாட்டார், ஆம் என்றும் சொல்ல மாட்டார். நான் அவர் நடக்கிற திசையையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ட்ரையருக்குப் பின்பக்கம் போய்விட்டு வந்தால் நான் திரைக்கு ஓடுவேன். திரையில் கூட்டல் கோடு கடல் மாதிரி தட்டையாகக் கிடந்தது. பல்பு உண்மையிலேயே போய்விட்டதோ என்று ஒரு நாள் கழற்றி வேறு இடத்தில் மாட்டிப் பார்த்தேன். மினுக்கியது. மறுபடி மாட்டினேன்.

பிறகு கோடு தலையைத் தூக்கியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, மெதுவாக, படி ஏறுகிற வயசானவர் மாதிரி. எந்தப் புள்ளியும் தனியாகப் பார்த்தால் தப்பாகத் தெரியவில்லை. தூளைக் கையில் எடுத்தால் ஒன்றும் தெரியவில்லை. வெப்பமானி இருக்கவேண்டிய எண்ணைத்தான் காட்டியது. கோடு மட்டும் ஏறிக்கொண்டே போய், ஒரு மாலையில் எல்லையைத் தாண்டியது. விளக்கு மினுக்கியது, அண்ணனின் முறையில்.

அவர் வாழ்க்கையில் அந்த விளக்கு அவருக்காக மினுக்கியதே இல்லை. முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தாராம், வேறு யாருக்கோ என்று நினைத்து. இவ இங்க இல்லையே, பின்ன யாரப் பாத்து எரியிது என்று ஆட்கள் கேட்க, அவர் பல்பைத் துணியால் துடைத்துப் பார்த்திருக்கிறார். விடிந்து அக்கா வந்தபோதும் மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. அக்காவின் கை வழக்கம்போல சூட்டைத் திருப்பும் சக்கரத்துக்குப் போனது. அதைத் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டார். ஏன் எரியிதுன்னு தெரியாம நான் எதையும் திருப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

நான் ஓடிவந்து திரையைப் பார்த்தேன். இரண்டு முறையிலும் ஒரே ஏற்றம். ஆளில் இல்லை, இயந்திரத்தில்தான் ஏதோ மாறியிருக்கிறது. இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாக டீமேக்கர் ஐயாவின் அறைக்குள் போனோம். அக்காதான் சொன்னார், மாத்திட்டீங்க ஐயா, புடிச்சிட்டோம் என்று. ஐயா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். எங்களை மாறிமாறிப் பார்த்தார்.

"நான் இன்னும் ஒண்ணையும் தொடவே இல்லையே."

சோதனையே தொடங்கவில்லை, விளக்கு மட்டும் எரிகிறது என்றால், அது மறுபடியும் பொய் சொல்லத் தொடங்கிவிட்டதா? அக்கா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். ஐயா குடையை எடுத்தார். வாங்க, என்னன்னு பாத்துருவோம் என்றார்.

மூன்று பேரும் ட்ரையரைச் சுற்றத் தொடங்கினோம். இலை பரவும் கனம் சரியாக இருந்தது. பெல்ட் இறுக்கமாக இருந்தது. அடுப்பில் விறகு நன்றாகப் பிடித்து எரிந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றும் சரி என்று தெரியத் தெரிய என் குரல் சிறுத்துக்கொண்டே போனது. கடைசியாகப் பின்பக்கம் போனோம். ட்ரையருக்குக் காற்றை இழுக்கும் பெரிய கம்பி வலை அங்கேதான் இருக்கிறது. இருட்டான இடம், வேலை இருந்தால் தவிர யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். ஐயா டோர்ச் அடித்தார்.

வலையைக் காணவில்லை. இருந்தது துணிக்கடை. ஸ்வெட்டர்கள், குரங்குத் தொப்பிகள், இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குகள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துக்குள் போடும் வெள்ளை மேஸ், யாரோ ஒருவர் தலை துவட்டும் பூப்போட்ட துவாய். காற்று உள்ளே இழுப்பதால் எல்லாம் வலையோடு ஒட்டிக்கொண்டு, ஆணி இல்லாமலே தொங்கின. அடுப்பின் சூடும் பக்கத்தில். இந்த மழையில் துணி காய இதைவிட நல்ல இடம் இந்த மலையிலேயே இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு துணி கூடியிருக்கிறது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் காற்று குறைந்திருக்கிறது. சூடு குறையாததால் வெப்பமானி ஒன்றும் சொல்லவில்லை. காற்றுக் குறைந்ததால் தூளில் ஈரம் மட்டும் ஒரு விரல்கடை, இன்னொரு விரல்கடை என்று தங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பஸ் சீட்டில் சரிகிற அதே ஆள்.

ஐயா ஒவ்வொன்றாக உரித்து எடுத்தார். அக்கா பூப்போட்ட துவாயைச் சட்டென்று வாங்கிக் கையில் சுருட்டிக்கொண்டார், அது அவருடையது. மாலை அண்ணனின் மேல்சட்டை வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், வலையோடு ஒட்டி, முழங்கையில் ஒட்டுப்போட்ட, மண்ணைப் போன்ற கபில நிற ஸ்வெட்டர் ஒன்று வந்தது. அதைப் பார்த்ததும் ஐயாவின் கை நின்றது. மழை தொடங்கும்வரை தினமும் காலையில் அவர் போட்டுக்கொண்டு வந்தது. அதுதான் ஆக முதலில் தொங்கியது. ஐயாவின் ஸ்வெட்டரே அங்கே காய்கிறது என்றால் எங்களுடையதும் காயலாம் என்று ஆட்கள் நினைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் அதற்கு மேல் யார் அனுமதி கேட்பார்கள்.

ஐயா ஸ்வெட்டரை மடித்து கக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் ஒண்ணுதான் போட்டேன் என்றார். அக்காவின் வாயோரத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது. அடக்க முயன்றார், முடியவில்லை.

"ஐயா, சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க. சின்னதா ஒண்ணு மாத்துனீங்க, எங்ககிட்ட சொல்லவே இல்ல."

ஐயா நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அங்கே கூரை கூட இல்லை, தகரக் குழாய்தான் இருந்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு மட்டும் சிரிப்பதா, திரைக்கு ஓடுவதா என்று தெரியவில்லை, ஓடினேன். வலை வெறுமையான பிறகு கோடு இரண்டு மூன்று சுற்றுக்கு யோசித்துவிட்டு ஏறுவதை நிறுத்தியது. கூட்டலைப் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கியதும் விளக்கு அணைந்தது, கோடு தட்டையாகக் கிடந்தது. அவ்வளவு அழகான தட்டைக் கோட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. படம் பிடித்துக் கொழும்புக் கூட்டாளிகளுக்கு அனுப்பினேன். என்ன இது, ஒன்றும் நடக்கவில்லையே என்று ஒருத்தி பதில் போட்டாள். அதுதானே விஷயம் என்று அனுப்பினேன்.

அடுப்புப் பக்கச் சுவரோரமாக, காற்று வலையிலிருந்து தள்ளி, துணி காயப்போட ஒரு கம்பி கட்டித் தந்தார்கள். முதல் இடம் கபில ஸ்வெட்டருக்கு. மாலை அண்ணன் விளக்கிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளத் தொடங்கினார். காலையில் முறை மாறும்போது, ராத்திரி ஒன்றும் பேசவில்லையே என்று அதைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போவார்.

மழை வெளுத்து, எதிர்மலையின் தலை தெரியத் தொடங்கிய ஒரு காலையில், ஸ்டோருக்குள் ஆட்களைப் பிரிக்கும்போது ஐயா, ட்ரையருக்கு இப்ப இருக்கிற ஆளே, இனி நிரந்தரம் என்று சொல்லிவிட்டு, அடுத்த வேலைக்கு அடுத்த ஆளைச் சொல்லத் தொடங்கினார். அவர் நிறுத்தக்கூட இல்லை. சலிக்கும் அறைக் கதவோரம் நின்ற பெண்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா தலையை ஆட்டிவிட்டு ட்ரையருக்குப் போய் வாயில் கையை நீட்டிச் சூடு பார்த்தார், தேவைக்குக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

பத்து மணிக்குக் கேத்தல் வந்தது. எல்லாரும் மேசையைச் சுற்றிக் கூடினோம். அக்கா எனக்குத்தான் முதலில் ஊற்றினார். நான் விளக்கைப் பற்றி, அடுத்து இலை வாட்டும் மாடிக்கும் இப்படி ஒன்று போடலாம் என்பதைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டே, பழக்கதோஷத்தில் பக்கத்திலிருந்த டின்னின் மூடியைத் திருகிக் கழற்றிவிட்டேன். அக்கா என் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"மூடிய மூடு புள்ள. என் ட்ரையர் தூளு அது."

அவர் மேசைக்குக் கீழிருந்து நீலப் பூப்போட்ட ஒரு பீங்கான் தட்டை எடுத்து நடுவில் வைத்தார். சீனி அதில் குவிந்திருந்தது.